இறங்கும் வேளையில் எஞ்சின் நின்றால்: சிறு விமானங்களின் கட்டாயத் தரையிறக்கம் குறித்து மதுரைப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானம் ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுபோய், ஓடுபாதைக்கு முன்னாலேயே வயலிலோ பொட்டலிலோ இறங்க நேர்வது பற்றிய கேள்விகளுக்கு இந்தப் பக்கம் விடையளிக்கிறது. இதில் உள்ள எண்கள் பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 வகையை ஒட்டியவை. நிலப்பரப்பு பற்றிய விடைகள் மதுரை விமான நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விமானி பயிற்சிக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், விமானங்கள் தாழப் பறக்கும் ஊர்களில் நிலம் வைத்திருப்போர் ஆகிய மூன்று தரப்பினரின் கேள்விகளும் இதில் கலந்தே வரும். விமானத்தை ஓட்டுபவருக்கு அந்த விமானத்தின் கையேடும் அவருடைய பயிற்றுநரும் சொல்வதே இறுதியானது.

எஞ்சின் நின்றதும் விமானம் கல்லைப் போலக் கீழே விழுந்துவிடாதா?

விழாது. விமானத்தைத் தாங்குவது எஞ்சின் அல்ல, இறக்கைகளைச் சுற்றிப் பாயும் காற்று. அந்தக் காற்றோட்டத்துக்கு வேண்டிய வேகத்தைக் கொடுப்பதே எஞ்சினின் வேலை. அது நின்றுபோனால், இறக்கத்தில் மிதிக்காமலே உருளும் சைக்கிளைப் போல, விமானம் தன் வேகத்தை உயரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். செஸ்னா 172எஸ் விமானம் முழு எடையுடன் 68 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 126 கிலோமீட்டர் வேகத்தில், இறக்கையின் பின்விளிம்புத் தட்டான ஃபிளாப் மடங்கிய நிலையில், காற்று அடங்கிய நாளில், ஒரு மீட்டர் உயரத்தைக் கொடுத்துச் சுமார் 9 மீட்டர் தூரம் முன்னே செல்லும். 300 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றால் ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோமீட்டர் தூரம் விமானியின் கையில் இருக்கிறது என்று பொருள்.

அப்படியானால், கண்ணெதிரே தெரியும் ஓடுபாதையை ஏன் எட்ட முடியாமல் போகிறது?

இந்தப் பக்கத்திலுள்ள கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். எனவே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விமானங்கள் இறங்குவதற்கு வழக்கமாக வகுக்கப்பட்டுள்ள சரிவு 3 டிகிரி. ஓடுபாதையின் ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் இருக்கும். அவற்றில் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் விமானம் அந்தச் சரிவில் சரியாக வருகிறது என்று விமானி அறிவார். ஆனால் எஞ்சின் இல்லாமல் ஒன்றுக்கு ஒன்பது என்ற விகிதத்தில் இறங்கும் விமானத்தின் சரிவு 6 டிகிரிக்கும் சற்று அதிகம். ஆக, 3 டிகிரிச் சரிவு என்பதே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் வகுக்கப்பட்ட ஒன்று.

ஓடுபாதையின் முனைக்கு 3 கிலோமீட்டர் தொலைவில், அந்தச் சரிவில் வரும் விமானம் ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே எஞ்சின் நின்றால், எல்லாவற்றையும் பிழையின்றிச் செய்தாலும், அது 1,400 மீட்டர் சொச்சம் சென்று தரையைத் தொட்டுவிடும். ஓடுபாதைக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் பாக்கி இருக்கும். எஞ்சின் நின்றதிலிருந்து தரையைத் தொடுவது வரை கிடைப்பது சுமார் 40 வினாடி. ஆடி மாதத்து மேற்குக் காற்று எதிரே 15 நாட் வேகத்தில் வீசுகிறது என்றால், 1,400 மீட்டர் என்பது ஏறத்தாழ 1,100 மீட்டராகச் சுருங்கிவிடும். ஃபிளாப் ஏற்கெனவே விரிக்கப்பட்டிருந்தால் அதுவும் கிடையாது.

எனவே 3 டிகிரிச் சரிவில் வரும் சிறு விமானத்தின் எஞ்சின் நின்றால், ஓடுபாதை எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அது எட்டாது என்றே விமானி எடுத்துக்கொள்ள வேண்டும். விமானம் ஓடுபாதையை ஒட்டி வந்துவிட்ட கடைசிச் சில வினாடிகள் மட்டுமே இதற்கு விலக்கு. கட்டாயத் தரையிறக்கங்களில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வயலோ வரப்போ அல்ல. எட்டாத ஓடுபாதையை எட்டிவிடலாம் என்று விமானி செலவழிக்கும் வினாடிகள்தாம்.

மூக்கைச் சற்று உயர்த்தினால் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாமே?

போகாது. மூக்கை உயர்த்தியதும் ஓரிரு வினாடி இறக்கம் நின்றாற்போலத் தோன்றும். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. வேகம் குறையும், காற்றின் எதிர்ப்பு கூடும், முன்பைவிடச் செங்குத்தாக விமானம் இறங்கத் தொடங்கும். தொடர்ந்து உயர்த்தினால் இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். விமானிகள் ஸ்டால் என்று சொல்லும் அந்த நிலை 1,000 மீட்டர் உயரத்தில் பயிற்சிப் பாடம். 50 மீட்டர் உயரத்தில் அதிலிருந்து மீள இடமில்லை.

இங்கே மனித உடலின் இயல்பும் எதிராக வேலை செய்கிறது. தரை நெருங்கி வரும்போது கைகள் தாமாகவே கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்பக்கம் இழுக்கும். தரையை நோக்கி மூக்கைத் தாழ்த்து என்பது அந்த நேரத்தில் அறிவு சொல்வது. உடல் சொல்வது அதற்கு நேர்மாறு. பயிற்சி என்பதே அந்த இழுப்பை அடக்கப் பழகுவதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

ஃபிளாப்பை மடக்கினால் தூரம் கூடுமா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை தர இயலாது. இறக்கையின் பின்விளிம்பில் விரியும் ஃபிளாப், குறைந்த வேகத்திலும் தூக்குவிசையைத் தருகிறது. கூடவே காற்றின் எதிர்ப்பையும் கூட்டுகிறது. முழுதாக விரித்த ஃபிளாப்பை ஒரு படி குறைத்தால் எதிர்ப்பு குறையும். ஆனால் வேகம் போதாத நிலையில் குறைத்தால் விமானம் அப்படியே அமிழும்.

பெரிய விமானத்தில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் இறங்கும் கட்டத்தில், சுமார் 700 அடி உயரத்தில், கேட்ட உந்துவிசையைத் தரவில்லை. எரிபொருள் குழாயில் உருவான பனிக்கட்டி, எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் வாயை அடைத்ததே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. கேப்டன் ஃபிளாப்பை 30 என்ற விரிப்பு நிலையிலிருந்து 25-க்குக் குறைத்தார். அதனால் கிடைத்த கூடுதல் தூரம் சுமார் 50 மீட்டர் என விசாரணை கணக்கிட்டது. விமானம் ஓடுபாதைக்குச் சில நூறு மீட்டர் முன்பாகப் புல்தரையில், ஆனால் விமான நிலைய எல்லைக்குள், இறங்கியது. உள்ளே இருந்த 152 பேரும் உயிர் பிழைத்தனர். அந்த முடிவு சரியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கொடுத்தது 50 மீட்டர்தான் என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டர் குறைவை எந்த ஃபிளாப்பும் நிரப்பாது.

இத்தனை தூரம் பறந்த எஞ்சின், இறங்கும்போது போய் ஏன் நிற்கிறது?

முதற்காரணம் எரிபொருள். அது இரண்டு வகையாகத் தீரும். தொட்டியில் எரிபொருள் அறவே இல்லாமல் போவது ஒன்று. தொட்டியில் இருந்தும் எஞ்சினுக்குப் போய்ச் சேராதது மற்றொன்று. தவறான தொட்டியைத் திறந்து வைத்திருப்பது, தொட்டிக்குள் காற்று செல்லும் துளையைக் குளவி கூடு கட்டி அடைத்துவிடுவது, எரிபொருளில் நீர் கலந்திருப்பது ஆகியவை இரண்டாம் வகை. பயணத்தின் முடிவில்தான் எரிபொருள் குறைவாக இருக்கும் என்பதால், கணக்கில் நேர்ந்த பிழைகள் எல்லாம் இறங்கும் நேரத்தில்தான் வெளிப்படுகின்றன.

இதைத் தடுக்கும் வேலை தரையிலேயே நடக்கிறது. பறப்பதற்கு முன் விமானி ஒரு சிறிய கண்ணாடிக் குவளையுடன் இறக்கையின் கீழே குனிந்து, வடிகுழாய் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்ப்பதைப் பயிற்சிப் பள்ளிகளில் காணலாம். செஸ்னா 172எஸ் விமானத்தில் இத்தகைய வடிகுழாய்கள் இறக்கைக்கு ஐந்தும் வயிற்றுப் பகுதியில் மூன்றுமாகப் பதின்மூன்று உள்ளன. 100 எல்எல் வகை விமானப் பெட்ரோல் வெளிர் நீலமாக இருக்கும். நீர் கலந்திருந்தால் அது குமிழ் குமிழாக அடியில் தங்கி நிற்கும். குவளை முழுவதும் நிறமில்லாமல் தெளிவாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. பிடித்தது முழுவதுமே நீராக இருக்கலாம். பதின்மூன்றாவது வடிகுழாயையும் பொறுமையாகப் பார்க்கும் மாணவரை நான் நம்புவேன்.

இரண்டாவது பெருங்காரணம், எரிபொருளைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் பனி படிவது. மதுரை வெயிலில் பனியா என்று சிரிப்பவர்கள் உண்டு. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரிவதாலும் எரிபொருள் ஆவியாவதாலும் அங்கே வெப்பநிலை 30 டிகிரி செல்சியசுக்கும் மேலாகக் குறையக்கூடும். வெளிக்காற்று 25 டிகிரியாக இருந்தாலும் உள்ளே உறைநிலைக்குக் கீழே போய்விடும்; காற்றிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். கொளுத்தும் சித்திரையைவிட, ஈரக்காற்றும் மேகமூட்டமுமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே இதற்கு ஏற்ற காலம். இறங்கும்போது விமானி எஞ்சின் விசையைக் குறைப்பதால் கார்புரேட்டரின் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். சிறிதளவு பனி படிந்தாலே அடைப்பு முழுமையாகிவிடும். அதனால்தான் பழைய செஸ்னா 152, 172பி போன்ற விமானங்களில் விசையைக் குறைப்பதற்கு முன்பே கார்புரேட்டருக்குச் சூடான காற்றைச் செலுத்தும் குமிழை இழுக்கச் சொல்லித் தருகிறார்கள். 172எஸ் விமானத்தில் எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்படுவதால் இந்தச் சிக்கல் இல்லை.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இறங்கும்போது குறைந்த விசையில் ஓடும் எஞ்சின் எப்போது செத்தது என்பதே சில சமயம் தெரியாது. எதிர்க்காற்றில் புரொப்பல்லர் சுழன்றுகொண்டே இருக்கும். சரிவுக்குக் கீழே போகிறோமே என்று விசையைக் கூட்டும்போதுதான் ஒன்றும் வரவில்லை என்பது தெரியவரும்.

அந்த 40 வினாடியில் விமானி என்னென்ன செய்கிறார்?

முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுகிறார். அடுத்து, எங்கே இறங்குவது என்று முடிவெடுக்கிறார். முன்னால், இரு பக்கமும் சிறிது தள்ளி, அவ்வளவுதான் தேர்வு. பின்னால் இருக்கும் நல்ல வயல் அந்த உயரத்தில் இல்லாததற்குச் சமம். விமானத்தைச் சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம் ஏறும்: 45 டிகிரி சாய்வில் ஏறத்தாழ 19 விழுக்காடு, 60 டிகிரியில் 41 விழுக்காடு. அத்துடன் திருப்பத்தில் உயரமும் வேகமாகக் கரையும்.

நேரம் மீதமிருந்தால் எரிபொருள் திறப்பு, எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர், பம்பு, இக்னிஷன் சாவி ஆகியவற்றின் மேல் ஒருமுறை கையை ஓட்டிப் பார்க்கலாம். கட்டுப்பாட்டு அறைக்கு மூன்று முறை ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பைச் சொல்வது அதற்கும் பிறகு. எந்த அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கிறாரோ அதிலேயே சொன்னால் போதும். 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அவசர அலைவரிசை, ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசர எண் எல்லாம் உயரம் இருப்பவர்களுக்கு. இறங்கும் கட்டத்தில் கோபுரத்தில் இருப்பவர் ஏற்கெனவே அந்த விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

தரை உறுதியானதும் எரிபொருளை அடைக்கிறார், இக்னிஷனை நிறுத்துகிறார், ஃபிளாப்பை முழுதாக விரித்தபின் மின்சாரத்தைத் துண்டிக்கிறார். 172எஸ் விமானத்தில் ஃபிளாப் மின்மோட்டாரால் இயங்குவதால் இந்த வரிசை மாறக் கூடாது. கதவின் தாழ்ப்பாளை முன்கூட்டியே விடுவிப்பதும் பட்டியலில் உண்டு. உடற்பகுதி நெளிந்தால் மூடிய கதவு சட்டத்தில் இறுகிக்கொள்ளும்.

மதுரை விமான நிலையத்தைச் சுற்றி இறங்கத் தகுந்த இடங்கள் எவை?

ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09/27 என்ற திசையெண்களுடன், சுமார் 2,285 மீட்டர் நீளத்துக்கு அமைந்திருக்கிறது. பெருங்குடி, வலையங்குளம், அயன்பாப்பாக்குடி, சின்ன உடைப்பு, பரம்புப்பட்டி என்று சுற்றிலும் ஊர்கள். இடையிடையே வயல்கள், கண்மாய்கள், மனையிடங்களாகப் பிரிக்கப்பட்ட பொட்டல்கள், சீமைக் கருவேலங்காடுகள். வடமேற்கே திருப்பரங்குன்றம் மலை நிற்கிறது. இதே நிலம் தை மாதத்தில் ஒன்று, ஐப்பசியில் வேறொன்று. எனவே ஒரு வரைபடத்தைக் காட்டி இங்கே இறங்கலாம் என்று சொல்ல முடியாது.

அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் நெல்வயல் நல்ல இடம். வரப்புகளின் நெடுக்கில் இறங்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. முழங்கால் உயர வரப்பு முன்சக்கரத்தை முறித்துவிடப் போதும். நாற்று நட்டு நீர் கட்டிய வயல் வானத்திலிருந்து பார்க்கப் பச்சைப் புல்தரையாகத் தெரியும். சக்கரம் சேற்றில் புதைந்ததும் விமானம் தலைகுப்புறக் கவிழ வாய்ப்பு மிகுதி. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் காடு கோடையில் கெட்டியான தரை. ஒரு மழை பெய்தால் அதே தரை சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மானாவாரிக் காடுகளில் கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் உண்டு என்பதை உள்ளூர்க்காரர் யாரும் மறக்கமாட்டார்கள். வெளியூரிலிருந்து பறந்து வரும் விமானி அதை எதிர்பார்க்கமாட்டார்.

வறண்ட கண்மாயின் உள்வாய் பரந்து கிடப்பதால் கண்ணைக் கவரும். கருவேலம் மண்டாத கண்மாயாக இருந்தால் அது நல்ல தேர்வே. கரையை நோக்கி அல்லாமல் கரைக்கு இணையாக இறங்க வேண்டும். கருவேலம் மண்டியிருந்தால், வேறு வழியே இல்லாதபோது, இளம் புதர்களின் மேல் குறைந்த வேகத்தில் அமர்வது ஒரு மதிலில் மோதுவதைவிட எவ்வளவோ மேல். மல்லிகைத் தோட்டங்களில் செடி தாழ்வாக இருக்கும். ஆனால் விடியற்காலையில் பூப்பறிக்க ஆட்கள் நிறைந்திருப்பார்கள். கரும்பும் தென்னையும் நிற்கும் அலங்காநல்லூர், சோழவந்தான் பக்கத்து நிலங்கள் இந்தத் தேர்வில் கடைசியில்தான் வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மின்கம்பி. கம்பியை வானத்திலிருந்து காண இயலாது. கம்பங்களைத்தான் காண முடியும். இரண்டு கம்பங்கள் தெரிந்தால் இடையில் கம்பி இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஒரு பம்புசெட் அறை தெரிந்தாலும் அப்படியே. அதற்கு மின்சாரம் எங்கிருந்தோ வந்திருக்கிறது.

நான்குவழிச் சாலையில் இறங்கலாம் அல்லவா? காணொளிகளில் பார்க்கிறோமே?

இறங்கியவர்கள் உண்டு. ஆனால் செஸ்னா 172 விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். நடுத்தடுப்பு, அதன்மேல் விளக்குக் கம்பங்கள், சாலைக்கு மேலே வழிகாட்டிப் பலகைகள், எதிர்ப்பக்கத்தில் வரும் டிராக்டர், இரு சக்கர வண்டிகள் என்று அருப்புக்கோட்டைச் சாலையையோ கப்பலூர்ச் சுற்றுச்சாலையையோ கண்முன் நிறுத்திப் பார்த்தால் விடை கிடைக்கும். விமானத்தில் இருப்பவர்கள் எடுத்த ஆபத்தைச் சாலையில் போகிறவர்கள் மேல் சுமத்துவது முறையல்ல என்பது என் கருத்து. போக்குவரத்து அறவே இல்லாத சாலை வேறு கதை.

நீர் நிறைந்த கண்மாயில் இறங்கினால் அடி மெத்தென்று இருக்காதா?

இருக்காது. மடங்காத சக்கரங்கள் கொண்ட விமானம் நீரைத் தொட்டதும் மூக்கு குத்திக் கவிழக்கூடும். கவிழ்ந்தால் தலைகீழாக, பெல்ட்டில் தொங்கியபடி, கலங்கிய நீருக்குள் கதவைத் தேட வேண்டியிருக்கும். தரை கிடைக்கும்போது நீரை நாட வேண்டாம்.

கரடுமுரடான வயலில் இறங்கி உயிர் பிழைப்பது எப்படிச் சாத்தியமாகிறது?

வேகத்தின் இருமடியைப் பொறுத்தே மோதலின் ஆற்றல் அமைகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும் விமானம், புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு விசையுடன் சீராகத் தடுக்கப்பட்டால், மூன்று மீட்டருக்குள் நின்றுவிடும். தோள்பட்டையையும் சேர்த்துக் கட்டிய உடல் அதைத் தாங்கும். வேகம் இருமடங்கானால் அதற்கு நான்கு மடங்கு தூரம் வேண்டும். ஆகவே இயன்றவரை மெதுவாக, ஆனால் ஸ்டால் ஆகாமல், காற்றை எதிர்கொண்டு தரையைத் தொடுவதே முழுக் கலையும். 45 நாட் வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு எதிரே 15 நாட் காற்று இருந்தால் தரைமீது அதன் வேகம் 30 நாட்தான். ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஓடுபாதையை எட்டவிடாமல் செய்த அதே ஆடிக் காற்று இங்கே கைகொடுக்கிறது.

இறக்கையோ சக்கரமோ முறிந்தால் முறியட்டும். அவை முறிவதில் செலவாகும் ஆற்றல் உள்ளே இருப்பவரை வந்து சேராது. விமானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் எஞ்சின் நின்ற கணத்திலேயே கைவிடப்பட வேண்டும்.

கோடை வெயில் இதில் ஏதேனும் மாற்றம் செய்யுமா?

செய்யும், ஆனால் சிறிதளவே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்திலுள்ள மதுரையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது காற்றின் அடர்த்தி 3,500 அடி உயரத்தில் இருப்பதைப் போல் மெலிந்துவிடுகிறது. வேகமானி காட்டும் எண் மாறாது. தரைமீது உண்மையான வேகம் சுமார் 5 விழுக்காடு கூடுதலாக இருக்கும்.

இப்படி நேராமல் இருக்க விமானி இறங்கும் முறையை மாற்றிக்கொள்ள முடியாதா?

முடியும், எல்லாப் பள்ளிகளும் இதை ஒரே அழுத்தத்துடன் சொல்லித் தருவதில்லை என்பது வருத்தம். சிறு விமானங்கள் 3 டிகிரியிலேயே இறங்க வேண்டும் என்ற கட்டாயம், வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் பார்வை வழிப் பறப்பில் இல்லை. இறங்குமுன் சுற்றிவரும் வட்டப்பாதையை ஓடுபாதைக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு, சற்று உயரமாக வந்து, ஓடுபாதை உறுதியானபின் ஃபிளாப்பை முழுதாக விரித்து இறங்குவது பழைய முறை. பெரிய விமானங்களை ஓட்டப்போகும் மாணவர்களுக்கு நீண்ட, தட்டையான இறங்கும் பாதையைப் பழக்க வேண்டும் என்பதற்காக அது சில இடங்களில் கைவிடப்பட்டது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு என்றாலும், ஒற்றை எஞ்சினில் அமர்ந்திருக்கும்வரை ஒற்றை எஞ்சினுக்குரிய முறையில் பறப்பதே சரி.

மதுரை போன்ற நீண்ட ஓடுபாதையில் இன்னொரு வசதியும் உண்டு. 172எஸ் தரையைத் தொட்டபின் ஓடி நிற்க, கடல் மட்டக் கணக்கில், 200 மீட்டர்கூடத் தேவையில்லை. கட்டுப்பாட்டு அறையின் அனுமதியுடன் ஓடுபாதையின் முனைக்கு மாறாக அதற்குள் 500 மீட்டர் தள்ளிய இடத்தைக் குறிவைத்து வந்தால், எஞ்சின் நின்றாலும் அந்த 500 மீட்டர் கைவசம் இருக்கும். மேலே சொன்ன 50 மீட்டருடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் நிலத்தில் விமானம் இறங்கிவிட்டால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

112 அல்லது 108 எண்ணுக்கு அழைத்து ஊர்ப் பெயர், அருகிலுள்ள கோயில், கண்மாய், பள்ளி என அடையாளம் சொல்லுங்கள். பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ நெருங்குங்கள். புரொப்பல்லர் நின்றிருந்தாலும் அதைத் தொடவோ நகர்த்தவோ கூடாது, சிறிது அசைத்தாலே எஞ்சின் ஒருமுறை உதைக்கக்கூடும். 172எஸ் விமானத்தின் தொட்டிகளில் 200 லிட்டருக்கும் மேல் பெட்ரோல் கொள்ளும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் அருகில் வேண்டாம். டிராக்டர், மோட்டார் சைக்கிள்களையும் தள்ளியே நிறுத்துங்கள்.

தீ இல்லை, புகை இல்லை, உள்ளே இருப்பவர் பேசுகிறார் என்றால் அவரை இழுத்து வெளியே போட அவசரப்படாதீர்கள். முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அந்த இழுப்பே அவரை முடமாக்கிவிடும். தீ தெரிந்தாலோ பெட்ரோல் வழிந்தோடினாலோ இந்த விதி பொருந்தாது. உடனே வெளியேற்ற வேண்டும்.

சில சிறு விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட், ராக்கெட்டால் வெடித்து வெளியேறும் வகையில் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே சிவப்புக் கைப்பிடி தெரிந்தால் தொடாதீர்கள். அதற்கான எச்சரிக்கை ஒட்டப்பட்டுள்ள பகுதியின் எதிரேயும் நிற்காதீர்கள். ஆட்கள் வெளியே வந்தபின், உடைந்த துண்டுகளை எடுத்துச் செல்லவோ ஒதுக்கி வைக்கவோ கூடாது. எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்பதே விசாரணையின் சான்று.

பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்குமா?

விமானத்தை இயக்குபவரின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் வழியே கோரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிச் சேதத்தை அன்றே பதிவுசெய்து, நிழற்படங்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்க வரும் கிரேனும் லாரியும் விமானத்தைவிட அதிகம் மிதிக்கும். அந்தச் சேதத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

விசாரணை செய்வது யார்? விமானிக்குத் தண்டனை உண்டா?

இந்தியாவில் விமான விபத்துகளை விசாரிப்பதற்கென 2012-ஆம் ஆண்டு விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு அமைக்கப்பட்டது. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் பின்னிணைப்பு, இத்தகைய விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே, குற்றத்தையோ பொறுப்பையோ சுமத்துவது அன்று என்று வரையறுக்கிறது. உரிமம் தொடர்பான நடவடிக்கை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் வேலை, அது தனி. எரிபொருள் எடுக்காமல் கிளம்பியவரையும், கம்பி எது வயல் எது என்று சரியாகத் தேர்ந்து இறங்கியவரையும் ஊர் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுண்டு. விசாரணை அறிக்கை அப்படிப் பேசாது.

பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது பெற்றோர் எதைக் கேட்க வேண்டும்?

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். அந்த மணி நேரங்களில் எஞ்சின் செயலிழப்பு எத்தனை முறை, எந்தெந்தக் கட்டங்களில் பழக்கப்படுகிறது என்று கேளுங்கள். உயரத்தில் திடீரென விசையைக் குறைத்து, வயலைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. இறங்கும் கட்டத்தில், பயிற்றுநரின் பாதுகாப்பான எல்லைக்குள், அதே பயிற்சி உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஓடும் எஞ்சினின் விசையைக் குறைப்பதும் உண்மையில் எஞ்சின் நிற்பதும் ஒன்றல்ல என்பதை மாணவருக்குச் சொல்லியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். நின்ற எஞ்சினின் புரொப்பல்லர் காற்றில் சுழன்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும், பயிற்சியில் பார்த்ததைவிடச் சரிவு செங்குத்தாக இருக்கும். கட்டணம், விடுதி, உணவு பற்றியெல்லாம் விரிவாக விசாரிக்கும் பெற்றோர், எரிபொருளை அளவுக்கோலிட்டுப் பார்க்கிறார்களா, மானியை மட்டும் நம்புகிறார்களா என்று கேட்பதில்லை. கேட்கலாம்.

வயலில் பத்திரமாக இறங்கிய விமானத்தை அங்கிருந்தே மீண்டும் பறக்கவிட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. இறங்குவதற்குப் போதுமான வயல் ஏறுவதற்குப் போதாது. எஞ்சின் ஏன் நின்றது என்பது தெரியும்வரை அதை இயக்கவும் அனுமதி கிடைக்காது. விசாரணை அதிகாரிகள் விடுவித்தபின், தொட்டியிலுள்ள எரிபொருளை வடித்து, இறக்கைகளைக் கழற்றி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதே வழக்கம்.